புளூபெர்ரிச் செடி எவ்வளவு குளிர் தாங்கும்?

வட அமெரிக்காவில் ஒரு நர்சரியில் புளூபெர்ரிச் செடி வாங்கினால், தொட்டியில் ஒரு சிறிய அட்டை செருகியிருக்கும். ரகத்தின் பெயர், வளரும் உயரம், பக்கத்திலேயே 'மண்டலம் 4' என்பதுபோல் ஓர் எண். அமெரிக்க வேளாண் துறை அந்த நாட்டைக் குளிரின் கடுமையை வைத்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. ஓர் ஊரில் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் கணக்கு. நான்காம் மண்டலம் என்றால் மைனஸ் 29 முதல் மைனஸ் 34 டிகிரி செல்சியஸ் வரை. 2023-ல் வந்த புதிய வரைபடம் 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு வரையப்பட்டது.

அந்த எண்ணைப் பார்த்துச் செடி வாங்குவது சரியான பழக்கம்தான். ஆனால் அது சொல்வது நடுக்குளிர்காலத்து இரவைப் பற்றி மட்டுமே. ஜனவரியில் மைனஸ் 29-ஐத் தாங்கி நின்ற அதே செடி, அக்டோபரில் அதில் பாதிக் குளிருக்கே நுனி கருகலாம். மே மாதம் பூத்து நிற்கும்போது மைனஸ் 2 டிகிரி போதும், அந்த ஆண்டின் பழம் போய்விடும். குளிர் தாங்கும் திறன் என்பது செடிக்குள் நிலையாக இருக்கும் ஒரு பண்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் செடி அதை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்க்கிறது, பிறகு கரைக்கிறது. எப்போது சேர்க்கிறது, எப்போது கரைக்கிறது என்று தெரிந்துகொண்டால் புளூபெர்ரி வளர்ப்பில் பாதிப் புதிர் விலகிவிடும்.

முதலில் செடிகளை அடையாளம் காண்போம். புளூபெர்ரி என்று நாம் பொதுவாகச் சொல்வது வக்சீனியம் என்ற பேரினத்தைச் சேர்ந்த சில செடிகளை. கடைகளில் கிடைக்கும் பெரிய பழம் பெரும்பாலும் 'ஹைபுஷ்' எனப்படும் உயரச் செடியுடையது. ஆள் உயரம் வளரும். அதன் வடக்கத்திய ரகங்கள் நன்றாகப் பக்குவப்பட்டால் மைனஸ் 29 டிகிரி வரை தாங்கும். 'லோபுஷ்' எனப்படும் குட்டைச் செடி அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலும் கனடாவின் கிழக்குப் பகுதியிலும் தரையோடு தரையாகப் படர்ந்து தானாக வளர்வது. தென்கிழக்கு அமெரிக்காவுக்கு உரிய 'ராபிட் ஐ' என்ற இனம் வெயிலைத் தாங்கும், கடுங்குளிரைத் தாங்காது. இவை போக, ஃபுளோரிடாவின் காட்டினமான வக்சீனியம் டரோவியை ஹைபுஷ்ஷோடு கலந்து உருவாக்கிய தெற்கத்திய ஹைபுஷ் ரகங்கள் இருக்கின்றன.

இந்தப் பேரினம் நமக்கும் அந்நியமில்லை. நீலகிரியின் சோலைக் காடுகளில் வக்சீனியம் லெஷெனால்டி, வக்சீனியம் நீல்கெரென்ஸ் என்று இரண்டு உறவுகள் இயல்பாக வளர்கின்றன. அதே மலையில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரானும் இதே குடும்பம்தான்.

செடி குளிருக்குத் தயாராவது கோடையின் கடைசியிலேயே தொடங்குகிறது. ஆகஸ்டு, செப்டம்பரில் அந்த ஆண்டு வளர்ந்த தளிர்க்கிளையின் நுனியில் பூமொட்டுகள் உருவாகின்றன. இலைமொட்டு ஒல்லியாகவும் கூராகவும் ஒட்டிக்கொண்டு இருக்கும். பூமொட்டு உருண்டு புடைத்திருக்கும். ஒரு மொட்டுக்குள் ஐந்து முதல் பத்துப் பூக்கள்வரை அடுத்த வசந்தத்துக்காகக் காத்திருக்கும். ஆக, அடுத்த ஆண்டுப் பழம் முழுவதும் குளிர்காலம் நெடுக அந்தச் சிறு உருண்டைகளுக்குள்தான் இருக்கிறது. கிளைகள் பிழைத்து மொட்டுகள் மட்டும் இறந்தால் செடி பச்சையாக நிற்கும், பழம் இருக்காது. 'செடி நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் காய்க்கவில்லை' என்று கேட்பவர்களில் பலருக்கு இதுவே விடை.

பகல் குறுகத் தொடங்கியதும் செடி வளர்ச்சியை நிறுத்துகிறது. இலைகள் சிவக்கின்றன, கிளைகளின் பட்டையும் செந்நிறம் ஏறுகிறது. இது முதல் கட்டம். இதில் செடி ஓரளவுதான் பக்குவப்படும். இரண்டாம் கட்டத்துக்குக் குளிரே தேவை. பல வாரங்கள் பூஜ்யத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் வெப்பநிலை இறங்கி இறங்கிப் போகும்போதுதான் முழுத் திறன் வருகிறது. அதனால்தான் மெதுவாகக் குளிரும் இலையுதிர்காலம் நல்லது. நவம்பர் நடுவரை இதமாக இருந்துவிட்டு ஒரே இரவில் மைனஸ் 15-க்கு இறங்கும் ஆண்டு, வழக்கமான மைனஸ் 25 ஜனவரியைவிட மோசமான சேதத்தைச் செய்யக்கூடும்.

செடிக்குள் அப்போது என்ன நடக்கிறது? நீர் உறைவதால் செல் வெடித்துச் செடி சாகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலான திசுக்களில் பனிக்கட்டி முதலில் உருவாவது செல்லுக்கு வெளியே, செல்களுக்கு இடையிலுள்ள வெளியில். பக்குவப்பட்ட செடி அதைத் தாங்கும். வெளியே உறையும் பனி, செல்லுக்குள் இருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கிறது. நீர் குறையக் குறைய உள்ளே இருப்பது பாகுபோல் கெட்டியாகிறது. கெட்டியான கரைசல் எளிதில் உறையாது. செடி முன்கூட்டியே மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி வைத்திருப்பதும் இதற்கு உதவுகிறது. ஆனால் ஒரு செல் எவ்வளவு நீரை இழந்து உயிரோடு இருக்க முடியும் என்பதற்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் செல்லின் சவ்வு சுருங்கிக் குலைகிறது. வெப்பம் திரும்பியதும் உள்ளிருப்பது கசிந்துவிடும். செல்லுக்குள்ளேயே பனிக்கட்டி உருவாகிவிட்டாலோ பிழைப்பே இல்லை. உறைபனிச் சாவு என்பது பெரும்பாலும் உள்ளுக்குள் வறண்டு சாவதுதான்.

அந்த வறட்சியிலிருந்து செல்லைக் காக்க டீஹைட்ரின் என்ற புரத வகை உதவுகிறது. மேரிலாண்டின் பெல்ட்ஸ்வில்லில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வு மையத்தில் 1990-களில் புளூபெர்ரிப் பூமொட்டுகளை ஆராய்ந்தார்கள். குளிர் ஏற ஏற மொட்டுகளில் இந்தப் புரதங்கள் பெருகின; வசந்தத்தில் மொட்டு விழித்தபோது குறைந்தன. மொட்டின் குளிர் தாங்கும் திறனும் அதே போக்கில் ஏறி இறங்கியது. வறட்சியிலும், உலரும் விதைகளிலும் இதே புரதக் குடும்பம் சேர்வதைப் பார்த்தால், செடிக்குக் குளிரும் வறட்சியும் எவ்வளவு நெருக்கமான ஆபத்துகள் என்பது விளங்கும்.

குளிரைத் தாங்குவது ஒரு பக்கம். புளூபெர்ரிக்குக் குளிர் தேவையும்கூட. இதைக் கண்டறிந்தவர் ஃபிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளர். அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய அவர் 1906-ல் புளூபெர்ரி ஆய்வைத் தொடங்கினார். அதுவரை இந்தச் செடியை யாராலும் ஒழுங்காகத் தோட்டத்தில் வளர்க்க முடியவில்லை. இதற்கு அமிலத்தன்மை மிக்க மண் வேண்டும் என்று 1910-ல் வெளியிட்ட நூலில் அவர் நிறுவினார். அதைப் படித்துவிட்டு நியூ ஜெர்சியின் வைட்ஸ்பாக்கில் கிரான்பெர்ரிப் பண்ணை நடத்திய குடும்பத்துப் பெண் எலிசபெத் வைட் 1911-ல் அவருக்குக் கடிதம் எழுதினார். காட்டில் பெரிய பழம் காய்க்கும் புதர்களைக் காட்டுபவர்களுக்குப் பணம் கொடுத்து வைட் செடிகளைச் சேகரித்தார். கோவில் அவற்றைக் கலப்பினம் செய்தார். 1916-ல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. இன்று உலகம் உண்ணும் பயிரிடப்பட்ட புளூபெர்ரிக்கு இந்த இருவரின் கூட்டுழைப்பே தொடக்கம்.

பசுங்குடிலில் செடி வளர்க்கும்போது கோவில் ஒன்றைக் கவனித்தார். குளிர்காலம் முழுக்க வெதுவெதுப்பாக வைக்கப்பட்ட செடிகள் வசந்தத்தில் துளிர்க்காமல் மொட்டையாகவே நின்றன. வெளியே பனியில் கிடந்தவை செழித்துத் துளிர்த்தன. பிறகு அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. செடி பசுங்குடிலுக்குள்ளேயே இருக்க, அதன் ஒரு கிளையை மட்டும் வெளிக்குளிருக்கு நீட்டிவிட்டார். வசந்தத்தில் அந்தக் கிளை மட்டும் இலைவிட்டது. ஒரே வேரில் நின்ற மற்றக் கிளைகள் உறங்கிக்கொண்டே இருந்தன. 1920-ல் இதையெல்லாம் எழுதி வெளியிட்டார். குளிரைக் கணக்கு வைப்பது வேரோ தண்டோ இல்லை, ஒவ்வொரு மொட்டும் தனித்தனியே கணக்கு வைக்கிறது என்பது அந்த ஒற்றைக் கிளையில் தெரிந்தது.

விவசாயிகள் இதைக் 'குளிர் மணிநேரம்' என்று அளக்கிறார்கள். பூஜ்யத்துக்கும் 7 டிகிரிக்கும் இடையில் செடி கழிக்கும் நேரம்தான் பெரும்பாலும் கணக்கில் சேரும். வடக்கத்திய ஹைபுஷ் ரகங்களுக்கு 800 முதல் 1,000 மணிநேரம் தேவை. தெற்கத்திய ரகங்கள் சிலவற்றுக்கு 200 மணிநேரமே போதும். பெரு நாட்டின் பாலைவனக் கடற்கரையில் இன்று மலைமலையாகப் புளூபெர்ரி விளைந்து ஏற்றுமதியாவது இப்படிக் குறைந்த குளிரே கேட்கும் ரகங்களால்தான்.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. தேவையான குளிர் மணிநேரம் நிறையும்வரை மொட்டு ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும். ஜனவரியில் நான்கு நாள் வெயில் அடித்தாலும் அசையாது. கணக்கு நிறைந்த பிறகு அது வெறும் வெளிக்குளிரால் மட்டுமே அடங்கியிருக்கிறது. அதன்பின் வரும் ஒவ்வொரு வெப்ப நாளும் மொட்டை விழிக்க வைக்கும், விழிக்க விழிக்கத் திறன் கரையும். மாதக்கணக்கில் சேர்த்த திறன் சில வெப்ப நாட்களிலேயே பெருமளவு போய்விடும். மீண்டும் குளிர் வந்தால் ஓரளவு திரும்பப் பெற முடியும், ஆனால் மொட்டு புடைக்கத் தொடங்கிய பிறகு அந்த வழியும் அடைந்துவிடும்.

மிச்சிகன் விவசாயிகள் பின்பற்றும் கணக்கைப் பார்த்தால் இந்தச் சரிவு எவ்வளவு செங்குத்தானது என்று புரியும். மொட்டு புடைக்கும் நிலையில் மைனஸ் 9 முதல் மைனஸ் 12 டிகிரியில் சேதம் தொடங்குகிறது. மொட்டு விரிந்து தனித்தனிப் பூக்கள் கண்ணுக்குத் தெரியும்போது மைனஸ் 5 முதல் மைனஸ் 7. பூ இளஞ்சிவப்பாகும்போது மைனஸ் 4 அளவில். முழுதாகப் பூத்த பிறகு மைனஸ் 2. பூவிதழ் உதிர்ந்து பிஞ்சு வெளியே தெரியும் நிலையில் பூஜ்யமே ஆபத்து. ஜனவரியிலிருந்து மே வரைக்குள் ஏறக்குறைய முப்பது டிகிரி திறனைச் செடி கைவிட்டிருக்கிறது.

குறைந்த குளிர் மணிநேரம் கேட்கும் ரகங்கள் ஏன் அதிகம் அடிபடுகின்றன என்பதும் இப்போது தெளிவாகும். ஜார்ஜியா மாநிலத்தில் தெற்கத்திய ஹைபுஷ்ஷின் கணக்கு குளிர்காலத்தின் நடுவிலேயே நிறைந்துவிடுகிறது. பிப்ரவரி வெயிலுக்கே பூத்துவிடும். 2017-ல் பிப்ரவரி வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தது. செடிகள் பூத்தும் பிஞ்சு பிடித்தும் நின்ற நேரத்தில், மார்ச் நடுவில் கடும் உறைபனி வந்தது. ஜார்ஜியா, தென் கரோலைனா புளூபெர்ரி விவசாயிகள் பெருமளவு விளைச்சலை இழந்தார்கள். 2007 ஏப்ரலில் ஈஸ்டர் நாட்களிலும் இதே கதை. அந்த இரவுகளின் குளிரை மின்னசோட்டா விவசாயி பொருட்படுத்தவே மாட்டார். குளிர் குறைந்த ஊரில்தான் குளிரால் நட்டம் அதிகம் என்பது முதலில் விந்தையாகத் தோன்றும். குளிர்காலங்கள் வெப்பமாகி வரும்போது உறைபனிச் சேதம் தானாகக் குறைந்துவிடும் என்று எண்ணுவதும் இதனால் தவறாகிறது. செடி முன்கூட்டி விழிக்கிறது, கடைசி உறைபனியோ அதே அளவு முன்கூட்டி விலகுவதில்லை.

பூத்து நிற்கும் தோட்டத்தை அப்படியோர் இரவில் காப்பாற்ற விவசாயிகள் தண்ணீர் தெளிக்கிறார்கள். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். நீர் உறையும்போது வெப்பத்தை வெளியிடுகிறது, ஒரு கிராமுக்கு 80 கலோரி. இரவெல்லாம் தெளிப்பான்கள் சுழன்றுகொண்டே இருந்தால் பூவின்மேல் பனிக்கட்டி படர்ந்துகொண்டே இருக்கும். உறையும் ஒவ்வொரு துளியும் வெப்பம் தருவதால் உள்ளே பூவின் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். நடுவில் நிறுத்தினால்தான் கேடு. நீர் ஆவியாகும்போது, உறையும்போது தந்ததைப்போல் ஏழு மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பறித்துக்கொள்ளும். காற்று வலுவாக வீசும் இரவில் இந்த உத்தியே பூவுக்கு எதிரியாகிவிடும். தெளிப்பானைத் திறந்தவர் காலையில் வெயில் ஏறிப் பனி தானாக உருகி விழும்வரை மூடக்கூடாது.

காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி வரும் உறைபனி ஊட்டிக்காரர்களுக்குப் பழக்கமானது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். அரசுத் தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் தழை கொண்டு மூடி வைப்பார்கள். காலையில் புல்தரைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். மிச்சிகனில் மே மாத இரவில் நடப்பதும் இதே இயற்பியல்தான். அதனால் புளூபெர்ரியைச் சரிவின் மேற்பகுதியில் நடுவது, பள்ளத்தில் நட்டுவிட்டுத் தெளிப்பான் வாங்குவதைவிட மலிவான பாதுகாப்பு.

இனி மிகக் குளிர்ந்த ஊர்களின் பக்கம் வருவோம். மெயின் மாநிலத்தின் குட்டைப் புளூபெர்ரி பிழைத்திருப்பதற்கு அதன் உடல்வாகு பாதிக் காரணம்; மீதி, அதை மூடிக் கிடக்கும் வெண்பனி. ஓர் அடி வெண்பனி இருந்தால் மேலே மைனஸ் 30 ஆனாலும் தரையை ஒட்டிய இடம் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேதான் நிற்கும். செடியின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிழங்குத் தண்டாக ஓடுகிறது. அங்கே விவசாயிகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மேற்பகுதியை எரித்தோ வெட்டியோ விடுகிறார்கள். அது மீண்டும் தளிர்த்து மறு ஆண்டு காய்க்கிறது. பனி விழாமல் காற்று மட்டும் வீசிய குளிர்காலங்களில்தான் இந்தச் செடிகள் அடிபடுகின்றன.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் இந்தக் குட்டைச் செடியை உயரச் செடியோடு கலந்தார்கள். 1983-ல் 'நார்த்ப்ளூ', 'நார்த்ஸ்கை' என்ற ரகங்களும், 1996-ல் 'போலாரிஸ்', 'சிப்பெவா' ஆகியவையும் வந்தன. இவற்றை 'ஹாஃப் ஹை' என்பார்கள். நார்த்ஸ்கை முழங்கால் உயரமே வளரும். திசுவிலேயே குளிர் தாங்கும் திறன் அதிகம் என்பதோடு, பனிக்குள் மறைந்துவிடும் உயரமும் திட்டமிட்டே பெற்ற நன்மை. கடுங்குளிர் ஆண்டுகளில் இவற்றில் ஒரு காட்சியைப் பார்க்கலாம்: பனிமட்டத்துக்குக் கீழே இருந்த கிளைகளெல்லாம் பூத்திருக்கும், மேலே நீட்டியிருந்த நுனிகள் மட்டும் கருகியிருக்கும்.

கனடாவின் ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ பின்வளவில் தோட்டம் போடும் நம்மவர்களுக்கு 'பேட்ரியட்', 'ப்ளூகிராப்', 'நார்த்லாண்ட்' போன்ற வடக்கத்திய ரகங்களே போதும். நார்த்லாண்டின் கிளைகள் வளைந்துகொடுப்பதால் கனத்த பனியில் ஒடிவதில்லை. தாமதமாகப் பூத்துச் சீக்கிரம் பழுக்கும் 'ட்யூக்' வசந்த உறைபனியைத் தப்பிக்க நல்ல தேர்வு. 'எலியட்' மிகப் பிந்திப் பழுப்பதால் கோடை குறுகிய இடங்களில் பழம் முற்றுமுன் குளிர் வந்துவிடும். வினிப்பெக் போன்ற கடுங்குளிர் ஊர்களுக்கு ஹாஃப் ஹை ரகங்களைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயர் அழகாக இருக்கிறது என்று தெற்கத்திய ரகங்களை இணையத்தில் வரவழைக்காதீர்கள்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். அட்டையில் உள்ள எண் கிளைக்கும் மொட்டுக்கும் உரியது, வேருக்கு உரியதில்லை. புளூபெர்ரியின் வேர் நூல்போல் மெல்லியது, மேல்மண்ணிலேயே பரவுவது, குளிரைத் தாங்குவதில் செடியின் பாகங்களிலேயே பலவீனமானது. தரையில் இருந்தால் மண் அதைக் காக்கும். தொட்டியில் நான்கு பக்கமும் காற்று. ஆகவே குளிர்காலத்தில் தொட்டியை மண்ணில் புதைத்து வையுங்கள், அல்லது சூடேற்றாத கராஜுக்குள் நகர்த்துங்கள். பாவம் குளிருமே என்று வரவேற்பறைக்குள் கொண்டுவந்து வைத்தால், கோவிலின் பசுங்குடிலில் நடந்ததே நடக்கும்: குளிர் மணிநேரம் நிறையாமல் செடி வசந்தத்தில் விழிக்காது.

தரையில் நட்டதற்கு மரத்தூளோ மரச்சீவலோ நான்கு அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள். ஜூலை தொடக்கத்துக்குப் பிறகு தழைச்சத்து உரம் வேண்டாம். அது செப்டம்பரில் பசுந்தளிரைக் கிளப்பிவிடும், அந்தத் தளிர் பக்குவப்பட நேரம் இருக்காது. நிலம் உறைவதற்கு முன் நன்றாக நீர் பாய்ச்சுங்கள். உறைந்த மண்ணிலிருந்து வேரால் நீர் உறிஞ்ச முடியாது, ஆனால் குளிர்காற்று கிளையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கவாத்து செய்ய அவசரப்பட வேண்டாம். கடுங்குளிர் கழிந்து குளிர்காலம் முடியும் தறுவாயில், சில குச்சிகளை வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் ஓரிரு நாள் வைத்திருந்து, பூமொட்டுகளைப் பிளேடால் குறுக்கே அரிந்து பாருங்கள். உள்ளே இளம்பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் அந்தப் பூ போய்விட்டது. ஒரே மொட்டுக்குள் இரண்டு பூ பழுப்பாகவும் ஐந்து பூ பச்சையாகவும் இருப்பது சகஜம். நுனி மொட்டுகள் முதலில் விழிப்பவை என்பதால் அவையே அதிகம் அடிபடும், கீழ்மொட்டுகள் தப்பியிருக்கும். எத்தனை மொட்டு மிஞ்சியது என்று எண்ணிவிட்டு வெட்டுங்கள். நல்ல ஆண்டில் கவாத்தில் எப்படியும் கணிசமான மொட்டுகளைக் கழித்துவிடுவோம். சேதமான ஆண்டில் அந்தக் கழிவைக் குளிர் செய்து முடித்திருக்கும். பட்டுப்போன குச்சிகளை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் அந்த ஆண்டும் ஓரளவு பழம் கிடைக்கும்.